சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கை

நபங்காலா யாரையும் நலம் விசாரிப்பதற்கு முன் டிராக்டர் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சில்லுன்னு இருக்கு” என்றாள். “நேர்மையான ஆளுங்க.”

விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்புமா என்பது வாங்கிப் போன மறுநாள் காலையில்தான் தெரியும். அப்படி ஒரு காலையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருக்கிறோம்.

அன்று வியாழக்கிழமை. பொருட்களைப் பார்வையிட விட்ட நாள். ஏலம் சனிக்கிழமை. கிட்டாலே நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய பண்ணையை மூடிக்கொண்டிருந்தார்கள். புல்தரையில் இரண்டு வரிசையாக எல்லாம் நின்றன. நான்கு டிராக்டர்கள், வீடு உயரத்துக்கு ஓர் அறுவடை வண்டி, கலப்பைகள், புல் வெட்டும் இயந்திரம், கட்டுக் கட்டும் இயந்திரம். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தது.

நாங்கள் பார்க்க வந்தது பதினோராம் எண். நீல டிராக்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தது.

நபங்காலா சாவியைத் திருப்பினாள். இருமியது. மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை வந்தது. பிறகு அதுவும் இல்லை. எண்ணெய்க் குச்சியை உருவி மோந்து பார்த்தாள். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கீழே படுத்து, கிளட்சுக்கு அடியில் விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். எழுந்து என்னைப் பார்த்தாள்.

“கலாயி, பின்னால தூக்குற கையில ஏறி நில்லு.”

“எதுக்கு அக்கா?”

“ஏறு சொல்றேன்.”

ஏறினேன். நெம்புகோலை இழுத்தாள். நான் மேலே போனேன். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் நின்றேன். சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“இறங்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல. மானம்தான் இறங்குது.”

“உன்னை அஞ்சு நிமிஷம் தாங்குற வண்டி எதையும் தாங்கும்.”

கூட்டம் சிரித்தது. நான் கவலைப்படவில்லை. எங்கள் குழுவில் ஏழு பெண்கள். அதில் கனமானவள் நான். மூன்று வருடமாகப் புல்லை மரப்பெட்டியில் போட்டு மிதித்துக் கட்டாக்குவது என் கால்கள்தான். ஒரு நாளைக்கு நாற்பது கட்டு. என் எடையை யாரும் எங்கள் குழுவில் குறை சொன்னதில்லை.

ஆனால் எங்களிடம் புல் வாங்கும் எல்டோரட் பால்பண்ணை இந்த வருடம் சொல்லிவிட்டது. பெட்டிக்கட்டு வேண்டாம், லாரியில் அடுக்கினால் சரிகிறது, இயந்திரக் கட்டு மட்டும். ஆயிரத்து ஐந்நூறு கட்டு, மாதக் கடைசிக்குள். போன வருடம் வாடகைக்கு ஓர் இயந்திரம் சொல்லியிருந்தோம். எட்டு நாள் தாமதமாக வந்தது. வெட்டிப் போட்ட புல்மேல் இரண்டு மழை விழுந்துவிட்டது. புல் கறுத்தது. எங்கள் மாடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

இந்த வருடமும் தேவாலயத்து நிலம் பன்னிரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். ரோட்ஸ் புல் பூத்துவிட்டது. பத்து நாளில் வெட்டாவிட்டால் குச்சியாகிவிடும். எல்கன் மலையில் தினமும் நாலு மணிக்கு மேகம் உட்காரத் தொடங்கியிருந்தது.

ஏழு பேரும் சேர்த்தது பத்து லட்சம் ஷில்லிங். அதில் டிராக்டர், வெட்டும் இயந்திரம். அதற்கே போதுமா என்று தெரியவில்லை. கட்டு இயந்திரத்துக்கு மறுபடி வாடகைதான். வாடகைக்காரர்களிடம் இப்போதே கெஞ்சத் தொடங்கியிருந்தோம்.

இருந்தும் நபங்காலா பதினாறாம் எண்ணிடம் போனாள். சிவப்புக் கட்டு இயந்திரம். வேலைக்காரர்கள் இரண்டு பேர் அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு வெளியே வந்தது. இடப்பக்கக் கயிறு கட்டியிருந்தது. வலப்பக்கக் கயிறு அறுந்து தொங்கியது. கட்டு வாழைப்பழத்தைப்போல வளைந்து பிரிந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

“முடிச்சுப் போடுற பாகம் செத்துப்போச்சு. இரும்பு விலைதான் போகும்” என்றார் பழைய இரும்பு வியாபாரி ஒருவர்.

நபங்காலா குனிந்து அறுந்த கயிறு ஒன்றை எடுத்தாள். கற்றாழை நார்க் கயிறு. அதன் நுனி பல் விளக்கிய குச்சியைப்போல நசுங்கிப் பிசிறாக இருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டாள். இயந்திரத்தின் இடுக்குகளில் பழைய நூல் துண்டுகள் சிக்கியிருந்தன. அவை நீல நிறம். பிளாஸ்டிக். அவற்றையும் பார்த்தாள்.

வேனில் வரும்போதுதான் சொன்னாள்.

“அது சாகல கலாயி. முன்னாடி பிளாஸ்டிக் கயிறு போட்டிருக்காங்க. பிளாஸ்டிக் வழுக்கும், அதனால கயித்தைப் பிடிக்கிற ஸ்பிரிங்கை இறுக்கி வச்சிருக்காங்க. இப்ப விலை குறைச்சல்னு நார்க்கயிறு போடுறாங்க. நார் தடிமன். ஸ்பிரிங் அதை மென்னு துப்புது. கட்டலையேன்னு இன்னும் இறுக்கியிருப்பாங்க.”

“சரி பண்ண எவ்வளவு ஆகும்?”

“ஒரு ஸ்பேனர். அரைச் சுத்து.”

அந்த மாதிரி இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்பது வருடம் நடந்தவள். முடிச்சு விழாத கட்டுகளைக் கையால் கட்டுவதுதான் முன்பு ஒரு பண்ணையில் அவளுக்கு வேலை. ஏன் விழவில்லை என்று பார்க்க அவளுக்கு ஒன்பது வருடம் கிடைத்தது.

அன்று மாலை மகள் நலியாகாவிடமும் கைபேசியில் இதையே சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “மெஷின்ல ஒண்ணுமே இல்லடி, ஸ்பிரிங்தான். என்ன பண்றது, நம்ம காசு டிராக்டரோட முடிஞ்சிரும்” என்றாள்.

சனிக்கிழமை ஐந்நூறு பேர் வந்திருந்தார்கள். ஏலக்காரர் நகூருவிலிருந்து வந்தவர். தொப்பி, ஒலிபெருக்கி, கையில் சிறிய மரச்சுத்தியல். முதலில் விதிகளைப் படித்தார்.

“சுத்தியல் விழுற வரைக்கும் கேட்ட விலையைத் திரும்ப வாங்கிக்கலாம். விழுந்துட்டா கடவுளே வந்து சொன்னாலும் முடியாது.”

பெரிய டிராக்டர்களுக்கு ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். பதினோராம் எண் வந்தபோது களைத்திருந்தார்கள். ஐந்து லட்சத்து அறுபதாயிரம். சுத்தியல் விழுந்தது. எங்கள் டிராக்டர். நாங்கள் ஏழு லட்சம் நினைத்திருந்தோம். பன்னிரண்டாம் எண், வெட்டும் இயந்திரம், ஒரு லட்சத்து இருபதாயிரம். அதுவும் எங்களுக்கு.

நபங்காலா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள். அவள் கை சூடாக இருந்தது.

“மூணு லட்சத்து இருபது மிச்சம்.”

“டீசல் வேணும். கயிறு வேணும் அக்கா.”

“இருபதை அதுக்கு வை. மூணு இருக்கு. கட்டு மெஷினைக் கேக்குறோம்.”

“இப்பவா?”

“பின்ன எப்ப, மழை வந்தப்புறமா? நீ கேளு. நான் கேட்டா, நபங்காலாவே கேக்குறா, அதுல ஏதோ இருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. நான் அந்த மரத்தடியில மக்காச்சோளம் தின்னுட்டு இருப்பேன். நான் தின்னுற வரைக்கும் கையைத் தூக்கு. கட்டையைத் தூக்கிப் போட்டேன்னா நிறுத்திரு.”

சுட்ட மக்காச்சோளம் ஒன்றை வாங்கினாள். சவுக்கு மரத்தடியில் ஏலத்துக்கு முதுகைக் காட்டிப் பாதி திரும்பி உட்கார்ந்தாள். கதிர் மட்டும் எனக்குத் தெரிந்தது.

பதினாறாம் எண். ஏலக்காரர் ஒளித்துப் பேசவில்லை.

“இது கட்டும், கட்டாது. பாதி கட்டும். இரும்பே ஐம்பதாயிரம் பெறும். ஐம்பது யாரு?”

இரும்பு வியாபாரிகள் இரண்டு பேர் கேட்டார்கள். அறுபது. எழுபது. நான் குடையைத் தூக்கினேன். எண்பது. தொண்ணூறு. நூறு. நூற்றுப் பத்துக்கு நான் தூக்கினேன். வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார்கள்.

“நூத்திப் பத்தாயிரம், குடை பிடிச்ச அம்மாவுக்கு. ஒண்ணு…”

எனக்குள் ஏதோ துள்ளியது. நூற்றுப் பத்து! நபங்காலா இரண்டு வரிசைகூடத் தின்று முடிக்கவில்லை.

“நூத்தி இருபது” என்றார் ஏலக்காரர். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிருந்தது.

திரும்பினேன். அறுவடை வண்டியின் முன்சக்கரம் ஆளை மறைக்கும் உயரம். அதன் பின்னாலிருந்து ஒரு கை நீட்டியிருந்தது. கையில் பழுப்புத் தொப்பி. ஆள் தெரியவில்லை.

குடையைத் தூக்கினேன். நூற்று முப்பது. தொப்பி எழுந்தது. நூற்று நாற்பது. நான். தொப்பி. நான். தொப்பி.

செத்த இயந்திரத்துக்கு இந்த விலை யாரும் கொடுக்க மாட்டார்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருப்பவனுக்கும் ஸ்பிரிங் விஷயம் தெரிந்திருக்கிறது. எப்படி? நாங்கள் வெளியாள் யாரிடமும் சொல்லவில்லையே. குடைக்கம்பை இறுக்கிப் பிடித்தேன்.

இருநூறு. கூட்டம் பேச்சை நிறுத்தியது. தலைகள் என் பக்கம், சக்கரத்தின் பக்கம் என்று திரும்பிக்கொண்டிருந்தன. மரத்தடியில் பாதிக் கதிர் முடிந்திருந்தது.

“இருநூத்தி இருபது. அம்மா? இருநூத்தி முப்பது. ஐயா? ஐயாவோட தொப்பி? இருநூத்தி நாப்பது!”

“விடாதம்மா!” என்று யாரோ ஒரு பெண் கத்தினாள். யாரென்று இன்றுவரை தெரியாது.

இருநூற்று ஐம்பதிலிருந்து ஐந்து ஐந்தாக ஏறத் தொடங்கினோம். நபங்காலா ஒரே வரிசை மிச்சம் வைத்து, மணி மணியாக நகத்தால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இருநூற்று எண்பதுக்கு நான் தூக்கினேன். கதிரில் ஒன்றும் இல்லை. அவள் வெறும் கட்டையைக் கடித்தாள். தூக்கிப் போடவில்லை.

தொப்பி எழுந்தது. இருநூற்று எண்பத்தைந்து.

ஏலக்காரருக்குப் பொறுமை போயிற்று.

“தொப்பிக்கார ஐயா, இவ்வளவு பெரிய விலை கேக்குறீங்க, முகத்தைக் காட்டுங்க. காத்துக்கா நான் விக்க முடியும்? வெளிய வாங்க.”

“வர முடியாது” என்றது சக்கரம்.

“ஏன் முடியாது?”

“எங்க மாமியார் அங்க உக்காந்திருக்காங்க.”

ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். ஏலக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“மாமியார் இருந்தா என்ன? போய் ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்களேன்!”

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

“ஏலக்காரரே,” என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க புகுசு இனத்து ஆளு, மாமியார் எதிர்ல வந்தா பாதையை விட்டு மக்காச்சோளத்துக்குள்ள பாஞ்சிருவான். இங்க சோளம் இல்ல. சக்கரந்தான் இருக்கு.”

சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரல் எனக்குத் தெரியும். மகோகா. நலியாகாவின் கணவன். ஆறு வருடமாக நபங்காலாவும் அவனும் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்ததில்லை. கை கொடுத்ததில்லை. முகம் பார்த்ததில்லை. சண்டை எதுவும் இல்லை, எங்கள் மரியாதை அது. அவளுக்கு அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நலியாகாவிடம் சொல்வாள். நலியாகா அவனிடம் சொல்வாள்.

நலியாகா அவனிடம் சொல்வாள்! ஸ்பிரிங் விஷயத்தையும் சொல்லியிருக்கிறாள்.

நபங்காலா எழுந்தாள். தலைத்துணியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். கூட்டம் வழி விட்டது. என் பக்கத்தில் வந்து, அறுவடை வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். சக்கரம் பத்தடி தூரத்தில்.

“கலாயி. சக்கரத்துக்குப் பின்னால இருக்கிறவரைக் கேளு. மெஷின் எதுக்குன்னு.”

“மகோகா, மெஷின் எதுக்கு?”

“அத்தை புல்லுக்குத்தான்!” என்றான் மகோகா. “அத்தைகிட்ட காசு டிராக்டரோட முடிஞ்சிரும்னு நலியாகா சொன்னா. போன வருஷம் மாதிரி புல்லு கறுத்துரக் கூடாதுல்ல. நான் வாங்கிட்டா முதல்ல உங்க புல்லைத்தான் கட்டுவேன்னு சொல்லுங்க. அது சரி, அந்தக் குடைக்காரி யாரு? பிசாசு மாதிரி ஏத்திட்டே போறா!”

“குடைக்காரி நான்தான்.”

தொப்பி சக்கரத்துக்குப் பின்னால் மெல்ல இறங்கியது.

“நீங்க யாருக்குக் கேட்டீங்க அக்கா?”

“உங்க அத்தைக்கு.”

முன்வரிசைப் பெரியவர் புல்தரையில் உட்கார்ந்தேவிட்டார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது அவருக்கு. “நூத்திப் பத்துல இருந்து… ரெண்டு பேரும்… ஒரே புல்லுக்கு!”

“அம்மா, ஐயா, உங்க குடும்ப விவகாரத்தை வீட்ல பேசிக்கோங்க” என்றார் ஏலக்காரர். “இருநூத்தி எண்பத்தஞ்சு நிக்குது. ஒண்ணு…”

“நான் திரும்ப வாங்கிக்கிறேன்!” என்று கத்தினான் மகோகா. “அத்தைக்கு எதிரா நான் கேக்க முடியாது. காலையில நீங்கதான படிச்சீங்க, சுத்தியல் விழுற வரைக்கும் திரும்ப வாங்கிக்கலாம்னு.”

ஏலக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “படிச்சேன். அப்ப இருநூத்தி எண்பது, குடைக்கு.”

“நீயும் வாங்கிக்கோ கலாயி!” என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. “நீயும் கையை இறக்கு! நூத்திப் பத்துல இருந்து ஆரம்பிங்க!”

ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். நான் நபங்காலாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரும்பு வியாபாரிகள் இரண்டு பேரும் அதன் பக்கத்தில் போய்விட்டிருந்தார்கள். ஒருவர் குனிந்து முடிச்சுப் போடும் பாகத்துக்குள் எட்டிப் பார்த்தார். மற்றவர் யாருக்கோ கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மாமியாரும் மருமகனும் இருநூற்று எண்பத்தைந்துவரை போன பொருள் செத்த பொருளாக இருக்காது. அது அவர்களுக்கும் புரிந்துவிட்டது.

“இறக்காத” என்றாள் நபங்காலா, மெல்ல. பிறகு உரக்க: “ஏலக்காரரே, அடிங்க!”

“இருநூத்தி எண்பது. ஒண்ணு. ரெண்டு.”

கைபேசிக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “முன்னூறு! முன்னூ…”

சுத்தியல் விழுந்தது.

நபங்காலா கையிலிருந்த கட்டையை அப்போதுதான் தூக்கிப் போட்டாள். நான் குடையை விரித்து மடக்கி விரித்து மடக்கி என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். அவளுடைய கைபேசி அடித்தது. நலியாகா. அடுத்தவளுக்கும் கேட்கும் குரல் அவளுக்கு.

“அம்மா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உன் மாப்பிள்ளையும் ஏலத்துக்கு வந்திருக்காரு. பாத்தா ஒதுங்கிக்கோ.”

“ஒதுங்கிட்டோம்” என்றாள் நபங்காலா. “நல்லா ஒதுங்கிட்டோம்.”

ஞாயிறு, வழிபாடு முடிந்ததும் அவள் ஸ்பேனரை எடுத்தாள். வலப்பக்க ஸ்பிரிங்கின் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் கால் சுற்று. நாங்கள் இரண்டு பேர் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினோம். முடிச்சு விழுந்தது.

“விழுந்துருச்சு அக்கா!”

“கையால சுத்தினா விழும். வயல்ல விழணும்.”

அவள் சிரிக்கவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. ஒன்பது வருடம் பின்னால் நடந்தவள். ஆனால் இயந்திரத்தைத் திருக அந்தப் பண்ணையில் அவளை ஒரு நாளும் விட்டதில்லை.

திங்கள் நான் புல் வெட்டினேன். ஆறு ஏக்கர் மட்டும். ஒரே நாளில் கட்ட முடிவதற்கு மேல் வெட்டக் கூடாது என்றாள். நீல டிராக்டர் ஒரு முறைகூட இருமவில்லை. செவ்வாயும் புதனும் ஏழு பேரும் புல்லைப் புரட்டினோம், கைவாரியால் வரிசை போட்டோம். வெயில் இருந்தது. வியாழன் காலை நபங்காலா ஒரு பிடி புல்லை முறுக்கினாள். ஒடிந்தது. பனி காய்ந்ததும் தொடங்கலாம்.

ஓட்டுவது யார் என்பதுதான் கேள்வி. கட்டு இயந்திரத்தை இழுத்து நான் ஓட்டியதில்லை. மகோகா ஒரு பண்ணையில் இரண்டு பருவம் ஓட்டியிருக்கிறான். நலியாகா வழியாகக் கேட்டோம். நலியாகா வழியாகச் சரி என்றான்.

பத்து மணிக்கு வயலின் மறுகோடியிலிருந்து வந்தான். தலையைக் குனிந்தபடி டிராக்டரில் ஏறினான். நபங்காலா கட்டு இயந்திரத்துக்குப் பின்னால் நின்றாள். நடுவில் மூன்று மீட்டர் சிவப்பு இரும்பு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஒரு சங்கடம். கட்டு இயந்திரம் இழுப்பவன் அடிக்கடி பின்னால் பார்க்க வேண்டும். வரிசை சரியாக உள்ளே போகிறதா என்று. பின்னால் பார்த்தால் மாமியார்.

“நான் எப்படி ஓட்டுறது அக்கா?” என்றான் மகோகா.

நான் டிராக்டரின் மட்கார்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். “நீ முன்னால பாரு. நான் உனக்குக் கண்ணு.”

“உங்க எடைக்கு வண்டி ஒரு பக்கமா சாயுது.”

“அஞ்சு நிமிஷம் தாங்கின வண்டிடா இது. ஓட்டு.”

இயந்திரம் இரைந்தது. புல் உள்ளே போனது. உலக்கைபோல உள்ளே இடித்தது. “இடது! கொஞ்சம் இடது! ஆங், அப்படியே போ!” குழுவின் மற்ற ஐந்து பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். வேலிக்கு அப்பால் ஆட்கள்.

முதல் கட்டு வெளியே வந்தது. இடப்பக்கம் முடிச்சு. வலப்பக்கம் கயிறே இல்லை. பிரிந்து விழுந்தது.

யாரோ “ஐயோ” என்றார்கள். நபங்காலா குனிந்து பார்த்தாள். கையை மட்டும் தூக்கி முன்னே போகச் சொல்லி ஆட்டினாள்.

“போகச் சொல்றாங்க!” என்று கத்தினேன். “கயிறு பிடிக்கிறதுக்கு முன்னால வந்ததாம்! முதல் கட்டு கணக்கில்லையாம்!”

அவள் அப்படிச் சொல்லவில்லை. நானே சொன்னேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சொன்னேன்.

இடி. இடி. இடி. ஊசிகள் எழுந்தன. நபங்காலா இயந்திரத்தோடு ஒட்டி நடந்து, முடிச்சுப் போடும் பாகத்துக்குள் முகத்தை நுழைக்காத குறையாகப் பார்த்தாள். இரண்டாவது கட்டு மெல்லத் தலை நீட்டியது. விழுந்தது. உருளவில்லை. செங்கல்லைப்போலக் கிடந்தது. வலப்பக்கம் ஒரு முடிச்சு. இடப்பக்கம் ஒரு முடிச்சு.

“மாப்பிள்ளே!” என்று அலறினாள் நபங்காலா. “கட்டிருச்சு மாப்பிள்ளே!”

மகோகா திரும்பினான். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் வாய் நிறையச் சிரிப்பு.

ஆறு வருடத்தில் முதல் முறை.

வேலிக்கு அப்பால் யாரோ மூச்சை இழுத்தார்கள். மகோகா சட்டென்று முன்னால் திரும்பித் தொப்பியைக் காதுவரை இறக்கினான். நபங்காலா தலைத்துணியை மூக்குவரை இழுத்தாள்.

“கலாயி,” என்றாள் துணிக்குள்ளிருந்து, “ஓட்டுறவரை முன்னால பாத்து ஓட்டச் சொல்லு.”

“முன்னால பாத்து ஓட்டு மகோகா.”

“நான் முன்னாலதான் பாக்குறேன்! எப்பவும் முன்னாலதான் பாத்தேன்!”

மூன்றாவது கட்டு. நான்காவது. பத்து. ஐம்பது. நாங்கள் எண்ணுவதைக் கூட்டாகப் பாட்டாக்கிவிட்டோம். நூறாவது கட்டில் ஓர் அம்மா வேலியைத் தாண்டி வந்து ஆடினாள். மதியம் ஒரு மணிக்குள் முந்நூற்றுச் சொச்சம். வேலியோரம் நின்ற ஒருவர் தன் மூன்று ஏக்கருக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டார். இன்னொருவர் தான்தான் முதலில் கேட்டதாகச் சொன்னார்.

இரண்டரைக்கு எல்கன் மலை தெரியவில்லை. காற்று திரும்பியது.

“வேகம்!” என்றேன். மகோகா ஒரு கியர் ஏற்றினான். இயந்திரம் குதித்தது. நபங்காலா இப்போது நடக்கவில்லை, ஓடினாள். அறுபது வயது அவளுக்கு. நான்கு வரிசை மிச்சம். மூன்று. மற்றவர்கள் கட்டுகளை இழுத்து வந்து தேவாலயத்துத் தகரக் கொட்டகையில் நடுவிலேயே சுவராக எழுப்பினார்கள். ஒரு வரிசை மிச்சமிருக்கும்போது என் மூக்கில் ஒரு துளி விழுந்தது.

“துளி!” என்று கத்தினேன்.

“ஒண்ணுதான!” என்று கத்தினான் மகோகா.

கடைசிக் கட்டு எழுநூற்று நாற்பத்தெட்டாவது. அதை நானே தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். நான் உள்ளே போனதும் வானம் கொட்டியது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் பேசினோம்.

மகோகா கொட்டகையின் அந்தப் பக்கம் ஓடி ஏறியிருந்தான். நபங்காலா இந்தப் பக்கம். நடுவில் கூரையைத் தொடும் அளவுக்குக் கட்டுச் சுவர். சுவர் முடியும் மூலையில் நான் உட்கார்ந்தேன். தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் வந்தன. இந்தப் பக்கம் ஒரு குவளை கொடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு குவளை கொடுத்தேன்.

“அத்தையைக் கேளுங்க,” என்றான் மகோகா, “மீதி ஆறு ஏக்கரை எப்ப வெட்டலாம்னு.”

“மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சுன்னு சொல்லு” என்றாள் நபங்காலா. “வேலியோரம் நின்னவங்க பேரையெல்லாம் எழுதி வச்சிருக்காரான்னு கேளு.”

“எழுதிட்டேன். ஒன்பது பேரு.”

“இடப்பக்க ஸ்பிரிங்கையும் கால் சுத்துத் தளர்த்தணும்னு சொல்லு.”

நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லத் தேவையே இல்லை. எல்லாம் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது. பேச்சுக்கு நடுவே சுவரைக் கையால் தட்டிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. இரண்டு கட்டுகளுக்கு நடுவே விரலை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.